கரிசல் மண் களை மருந்தைப் பிடித்துக்கொள்ளுமா?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் கரிசல் இருக்கிறது. புரட்டாசியில் மக்காச்சோளம் போடுவோம். விதைத்ததும் அட்ரசின் அடிப்பது பல வருட வழக்கம். வரப்புக்கும் வேலியோரத்துக்கும் பாராகுவாட், சில வருடம் கிளைபோசேட். பயிர் வளர்ந்த பிறகு அகன்ற இலைக் களை வந்தால் 2,4-டி. கிணறு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கும் மாட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். "கரிசல் மருந்தையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கிணற்றுக்கு ஒன்றும் இறங்காது" என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். உண்மையா? பென்டோனைட் களிமண்ணைக் கிணற்றில் கரைத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில்: பென்டோனைட்டைக் கிணற்றில் கரைக்காதீர்கள். பலன் இருக்காது, தண்ணீர் பல நாளைக்குக் கலங்கிக் கிடக்கும். கடையில் சொன்ன விஷயத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதிய நான்கு மருந்துகளில் அது ஒன்றுக்கு முழுசாகப் பொருந்தும், இன்னொன்றுக்கு ஓரளவு பொருந்தும், மற்ற இரண்டுக்கும் பொருந்தாது. அந்த இரண்டில் ஒன்று நீங்கள் வருடம் தவறாமல் அடிக்கும் அட்ரசின். ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், அடுத்து எந்த மருந்தை வாங்கினாலும் அது உங்கள் கிணற்றுக்கு வருமா வராதா என்று நீங்களே ஓரளவு கணிக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரிசலில் பாதிக்குப் பாதி களி. அந்தக் களியில் பெரும்பகுதி ஸ்மெக்டைட் வகைக் கனிமம். குஜராத்தின் கட்ச்சிலிருந்தும் ராஜஸ்தானின் பார்மரிலிருந்தும் வருகிற பென்டோனைட்டிலும் இருப்பது இதே வகைதான், மான்ட்மொரில்லோனைட் என்பார்கள். அதாவது, கிணற்றில் போடச் சொல்லி உங்களிடம் விற்கப் பார்க்கும் சரக்கின் உறவுக்காரக் கனிமம் உங்கள் நிலம் முழுக்கக் கிடக்கிறது. இதன் துகள் ஒவ்வொன்றும் பழைய ஏட்டுச்சுவடிக் கட்டு மாதிரி, மிக மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஈரம் பட்டால் தகடுகள் விலகித் தண்ணீரை உள்ளே விடும். காய்ந்தால் நெருங்கிவிடும். மழையில் கரிசல் பொங்குவதும் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும் இதனால்தான். தகடுகளின் உட்பக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிராம் மான்ட்மொரில்லோனைட்டின் பரப்பு 700 முதல் 800 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 18 சென்ட். செவல் மண்ணில் அதிகம் இருக்கும் கயோலினைட்டுக்கு உட்பக்கம் திறக்காது. அதற்குக் கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர் தேறினால் பெரிது.

இவ்வளவு பரப்பு இருந்தால் எதையும் பிடிக்கும் என்றுதான் தோன்றும். கடைக்காரரும் அதை நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தத் தகடுகளின் மேல் நிரந்தரமாக எதிர் மின்னூட்டம் இருக்கிறது. கனிமம் உருவாகும்போதே அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்ததால் வந்தது அது. அந்த மின்னூட்டத்தை ஈடுகட்ட, தகடுகளுக்கு நடுவில் கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் போன்ற நேரயனிகள், அதாவது நேர் மின்னூட்டம் உள்ள துகள்கள், தங்கியிருக்கின்றன. சுண்ணாம்புச் சத்து நிறைந்த நம் கரிசலில் பெரும்பாலும் கால்சியம். ஆகவே வந்து சேரும் மருந்து மூலக்கூறுக்கு நேர் மின்னூட்டம் இருந்தால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு உள்ளே உட்காரும். எதிர் மின்னூட்டம் இருந்தால் களி அதை விலக்கும். மின்னூட்டமே இல்லாவிட்டால், அந்த இடத்துக்கு அது தண்ணீரோடு போட்டி போட வேண்டும். அந்தப் போட்டியில் பெரும்பாலும் தண்ணீர்தான் ஜெயிக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மீன் தொட்டிக் கடையில் மெத்திலீன் புளூ என்று ஒரு நீல மருந்து சின்னக் குப்பியில் கிடைக்கும். மளிகைக் கடையில் கேசரிப் பவுடர் கிடைக்கும். இனிமேல் சமையலுக்கு எடுக்கப்போகாத இரண்டு கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஒன்றில் நீல மருந்து இரண்டு சொட்டு, மற்றதில் கேசரிப் பவுடர் துளி போடுங்கள். இரண்டிலும் ஒரு கை உங்கள் கரிசலைப் பொடித்துப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கலங்கல் சீக்கிரம் படியும். அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் நீலம் போட்ட பாட்டிலில் மேல் தண்ணீர் தெளிந்திருக்கும், நீலம் மொத்தமும் அடியில் மண்ணோடு இருக்கும். கேசரி போட்ட பாட்டிலில் மண் படிந்திருக்கும், தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். மெத்திலீன் புளூ நேர் மின்னூட்டம் உள்ள சாயம், கேசரிச் சாயம் எதிர் மின்னூட்டம் உள்ளது. மண் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், வித்தியாசம் சாயத்தில்.

(திருப்பூரில் பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயங்களும் கேசரியின் பக்கம்தான், எதிர் மின்னூட்டக்காரர்கள். நொய்யல் கரையில் எவ்வளவு களி இருந்தாலும் அந்தச் சாயத்தை அது பிடித்துவைக்காது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன விவகாரம் அது. 'மண் வடிகட்டிவிடும்' என்ற நம்பிக்கைக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம்.)

சரி, இப்போது உங்கள் மருந்துகளுக்கு வருவோம்.

பாராகுவாட், மெத்திலீன் புளூவின் பக்கம். ஒரு மூலக்கூறில் இரண்டு நேர் மின்னூட்டம், உருவமும் தட்டை. ஸ்மெக்டைட் தகடுகளுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டால் லேசில் வெளியே வராது. கரிசலில் விழுந்த பாராகுவாட் கரைந்து கிணற்றுக்கு இறங்கும் என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பிடிபட்டது அழிந்துபோனது ஆகாது. தகடுகளுக்குள் நுண்ணுயிர்கள் அதை எட்ட முடியாததால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். மழையில் மேல்மண் அரித்துப் போனால் களியோடு சேர்ந்து ஓடைக்கும் கண்மாய்க்கும் போகும்.

பாராகுவாட்டின் உண்மையான ஆபத்து மண்ணில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிற புட்டியில் இருக்கிறது. வாய்க்குள் போனால் நுரையீரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது. குடலில் மிச்சமிருப்பதையாவது பிடிக்கட்டும் என்று ஆஸ்பத்திரிகளில் ஃபுல்லர் மண்ணோ செயலூட்டிய கரியோ கொடுத்துப் பார்க்கிறார்கள். ஃபுல்லர் மண்ணும் ஒரு களிதான், அதே மின்னூட்டக் கவர்ச்சிதான் அங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் ரத்தத்தில் கலந்ததை எந்தக் களியாலும் எடுக்க முடியாது. கேரளம் 2011-இல் இந்த மருந்தைத் தடை செய்தது, இலங்கையும் அதே காலகட்டத்தில் விலக்கிவிட்டது. வரப்புக் களைக்கு மண்வெட்டியே போதும் என்பது என் கருத்து. வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் வீட்டில் வைக்காதீர்கள்.

கிளைபோசேட் கதை வேறு. அதற்கு எதிர் மின்னூட்டம் இருந்தாலும் பாஸ்பேட் போன்ற ஒரு தொகுதியும் இருக்கிறது. அந்தத் தொகுதியால் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளையும் களித் தகடுகளின் ஓரங்களையும் பற்றிக்கொள்ளும். அதனால் இரும்பு நிறைந்த செவக்காட்டில்தான் அது உறுதியாக நிற்கும். சுண்ணாம்புக் கரிசலில் பிடிமானம் அதைவிடக் குறைவு, ஆனாலும் ஓரளவு பிடிக்கும். பாஸ்பேட்டும் இதுவும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால், சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்ட நிலத்தில் அந்தப் பிடியும் தளரும். இன்னொரு விஷயம்: 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

2,4-டி அசல் கேசரிப் பவுடர் ரகம். நம் மண்ணின் கார நிலையில் முழுக்க எதிர் மின்னூட்டத்தோடு இருக்கும், களி அதை விலக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடும். நல்ல வேளையாக, ஈரமும் சூடும் உள்ள மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிடும். அடித்த ஒரு வாரத்துக்குள் பெருமழை பெய்தால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

அட்ரசின்தான் உங்கள் கேள்வியின் மையம். நம் மண்ணில் அதற்கு மின்னூட்டம் இல்லை. கடுமையான அமிலத்தில்தான் அது நேர் மின்னூட்டம் பெறும். கரிசலின் பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும்போது அதற்கு வாய்ப்பே இல்லை. தகடுகளுக்குள் போய்த் தங்கலாமே என்றால், அங்கே ஏற்கெனவே கால்சியம் தன்னைச் சுற்றித் தண்ணீரைக் கூட்டிவைத்திருக்கிறது. மின்னூட்டமற்ற மூலக்கூறுக்கு அங்கே உட்கார இடம் குறைவு. கால்சியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருந்தால், அது தண்ணீரை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளாது என்பதால், தகட்டின் வெற்றுப் பரப்பு கொஞ்சம் திறந்து கிடக்கும். அப்போது சில மின்னூட்டமற்ற மூலக்கூறுகள் நன்றாகவே ஒட்டும். 'களி அபாரமாகக் கவர்ந்தது' என்று சொல்லும் பல ஆய்வுகள் இப்படிப் பொட்டாசியம் ஏற்றிய, சுத்தம் செய்த களியை வைத்து, வாலைவடிநீரில் செய்தவை. ஆய்வாக அவை சரியானவையே. ஆனால் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் காட்டுக்குப் பொருத்தினால் தப்பாகிவிடும்.

அப்படியானால் அட்ரசினை மண்ணில் எதுதான் பிடிக்கிறது? பெரும்பங்கு மக்கிய அங்ககப் பொருள். இங்கே கரிசல்காரர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மண் கறுப்பாக இருப்பதால் மக்குச் சத்து நிறைய இருக்கும் என்று நினைக்கிறோம். கரிசலின் கறுப்புக்குக் கொஞ்சம் மக்கே போதும், அது களியோடு நெருங்கிக் கலந்து நிறத்தைக் கொடுத்துவிடும். உங்கள் மண்வள அட்டையை எடுத்து அங்ககக் கார்பன் என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே, 'குறைவு' என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

அந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். அங்ககக் கார்பனை அட்ரசின் பற்றிக்கொள்ளும் அளவுக்கான குணகம் ஏறக்குறைய 100. கார்பன் 0.4 சதவீதம் இருந்தால் மண்ணுக்கும் தண்ணீருக்குமான பங்கீடு 0.4 வரும், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் மருந்தில் 0.4 பங்கு அளவுதான் ஒரு கிலோ மண்ணில் ஒட்டியிருக்கும். ஈரக் கரிசலின் அடர்த்தியையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீர் இரண்டேகால் அடி இறங்கும் நேரத்தில் அட்ரசின் ஒரு அடி இறங்கும். கார்பனை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், தண்ணீர் நாலேகால் அடி போனால்தான் அது ஒரு அடி போகும். களியின் சிறு பங்கை நான் இதில் சேர்க்கவில்லை, தோராயக் கணக்குதான். ஆனால் பிடிமானம் எவ்வளவு பலவீனமானது என்று காட்ட இது போதும். மேல்மண்ணில் அட்ரசின் பாதியாகக் குறைய இரண்டு மாதம்போல ஆகும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அடியில் நுண்ணுயிர்கள் குறைந்த இடத்துக்கு இறங்கிவிட்டால் அதைவிட வெகுநாள் இருக்கும். சிதைந்து வரும் டீஎத்தில் அட்ரசின் என்ற பொருள் தாய் மருந்தைவிட இன்னும் எளிதாக இறங்கும். ஜெர்மனி 1991-இல் அட்ரசினைத் தடை செய்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் இவை இரண்டும் தென்பட்டுக்கொண்டிருந்தன.

மேலே சொன்ன கணக்கு, தண்ணீர் மண்ணுக்குள் சீராக ஊறி இறங்கும் என்று வைத்துப் போட்டது. உங்கள் காட்டில் அப்படி நடப்பதில்லை. சித்திரை, வைகாசியில் கரிசல் ஒரு மீட்டர் ஆழம்வரை வெடிக்கும். கை போகும் அளவுக்கு விரிசல் விழும். முதல் பெருமழைத் தண்ணீர் மண்ணுக்குள் ஊறுவதற்கு முன்னால் அந்த வெடிப்பு வழியே நேராக அடிக்குப் போகிறது. அதில் கலந்த மருந்து களியையும் பார்ப்பதில்லை, மக்கையும் பார்ப்பதில்லை. கரிசல் எதையும் கீழே விடாது என்ற நம்பிக்கையில் பெரிய ஓட்டையே இதுதான். நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து, வெடிப்பு மூடி, மேல் ஈரம் நின்ற பிறகு அடியுங்கள். காய்ந்த மண்ணில் அடித்தால் வேறொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் போட்டி இல்லாததால் காய்ந்த களி மருந்தை இறுக்கிக்கொள்ளும், களை சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் வந்து அந்த இடத்தைப் பிடித்ததும் மருந்து விடுபட்டு ஓடும். காசும் போச்சு, மருந்தும் கிணற்றுப் பக்கம் போச்சு.

அப்புறம், மண்ணைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கிணற்றுக்கு வரும் மருந்தில் மண் வழியே வருவதைவிட மேல்வழியாக வருவதுதான் பல இடங்களில் அதிகம். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதே என்று கிணற்று மேட்டிலேயே மருந்தைக் கலக்குகிறோம், அங்கேயே டேங்கைக் கழுவுகிறோம், காலிப் பாக்கெட்டை அங்கேயே போடுகிறோம். ஆறு மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஐந்து மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 1,41,000 லிட்டர். 50 சதவீத அட்ரசின் பொடி 2 கிராம் அதில் விழுந்தால் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் ஆகிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 அட்ரசினுக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 0.1 மட்டுமே. பாக்கெட்டைக் கிழிக்கும்போது காற்றில் பறக்கும் பொடியே 2 கிராம் இருக்கலாம். ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் கலக்குகிற, கழுவுகிற இடத்தைக் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மழைத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடிவராத பள்ளப் பக்கத்துக்கு மாற்றுங்கள். கழுவிய தண்ணீரை மருந்து அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். கிணற்றைச் சுற்றிச் சுவர் இல்லையென்றால் மண் அணையாவது போட்டு, வயல் தண்ணீர் உள்ளே வழியாமல் பாருங்கள்.

மண்ணின் பிடிமானத்தைக் கூட்டவும் வழி உண்டு, அதற்குக் களி தேவையில்லை. தொழுவுரம், மக்கிய தட்டை, கிடை போடுவது எல்லாமே அங்ககக் கார்பனைக் கூட்டும், ஆனால் மெதுவாக. நம் சூட்டில் மக்கு நிற்காமல் எரிந்துபோகும், வருடா வருடம் போட வேண்டியிருக்கும். உங்கள் பகுதியில் இதைவிட வேகமான ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது: சீமைக்கருவேலக் கரிமூட்டம் பிரித்த பிறகு மிஞ்சும் கரித்தூள். கரி, அட்ரசின் போன்ற மின்னூட்டமற்ற மூலக்கூறுகளைக் களியைவிடப் பல மடங்கு உறுதியாகப் பிடிக்கும், எளிதில் மக்கவும் செய்யாது. ஆனால் காடு முழுக்கப் போடாதீர்கள். கரி பிடித்துக்கொண்ட மருந்து களைக்கும் கிடைக்காது. மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டினால் கதை கெட்டுவிடும். கிணற்றைச் சுற்றிச் சில மீட்டர் அகலத்துக்குக் கரித்தூளையும் தொழுவுரத்தையும் மேல்மண்ணில் கொத்திக் கலந்து, அந்தப் பட்டையில் எந்த மருந்தும் அடிக்காமல் கொழுக்கட்டைப்புல் வளரவிடுங்கள். மாட்டுக்கும் ஆகும்.

பென்டோனைட்டுக்கு மறுபடி வருகிறேன். கிணற்றுக்குள் அது செய்யக்கூடிய வேலை உங்கள் கரிசல் செய்வதுதான், அதாவது அட்ரசினுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நீண்ட எண்ணெய் வால் கொண்ட அம்மோனிய அயனிகளைத் தகடுகளுக்குள் ஏற்றி, களியைத் தண்ணீருக்கு ஆகாததாகவும் எண்ணெய்க்கு உகந்ததாகவும் மாற்றிய ஆர்கானோ களி என்று ஒரு சரக்கு இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுநீரில் எண்ணெயைப் பிரிக்க நன்றாகப் பயன்படும். குடிக்கிற கிணற்றில் அதையும் போடக் கூடாது. ஏற்றிய அயனிகளே தண்ணீரில் கசியலாம், பிடித்த மருந்தோடு சகதியும் உங்கள் கிணற்றின் அடியிலேயே தங்கிவிடும்.

இதற்கிடையில் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். ஊகத்தை வைத்து வருடக்கணக்கில் குடிப்பது வேண்டாம். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சங்களைப் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. 'தண்ணீர் டெஸ்ட்' என்று மட்டும் சொன்னால் உப்பு, கடினத்தன்மை பார்த்து அனுப்பிவிடுவார்கள். அட்ரசின், டீஎத்தில் அட்ரசின், 2,4-டி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள், பழுப்புக் கண்ணாடி பாட்டில் கொடுப்பார்கள். ஐப்பசியில் பெருமழை பெய்து கிணற்றில் புதுத் தண்ணீர் சேர்ந்த சில நாளில் ஒரு மாதிரி, பங்குனியில் தண்ணீர் இறங்கியதும் இன்னொரு மாதிரி எடுங்கள். மழைக்குப் பிந்திய மாதிரியில் மட்டும் அதிகம் இருந்தால், கழுவுகிற இடமும் வெடிப்பும் காரணம் என்று பெரும்பாலும் சொல்லலாம். இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் நிலத்தடியிலேயே சேர்ந்திருக்கிறது.

2 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு மாறுங்கள். காய்ச்சினால் அட்ரசின் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். மூட்டக் கரியைக் குடத்தில் போட்டு வடிகட்டுவதையும் நம்ப வேண்டாம், எவ்வளவு பிடிக்கும் என்று அதற்கு அளவு கிடையாது. செயலூட்டிய கரி வடிகட்டி நன்றாகப் பிடிக்கும். ஆர்ஓ இயந்திரத்திலும் பெரும்பாலும் அந்தக் கரிக் குழாய் ஒன்று இருக்கும். ஆனால் கரியின் இடம் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் பிடிக்காது, தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே வரும். நிறத்தையோ ருசியையோ வைத்து முடிவு செய்யாமல், தயாரிப்பாளர் சொன்ன லிட்டர் கணக்கில் கரிக் குழாயை மாற்றிவிடுங்கள்.